சமையல்கட்டு வாசல்ல ஒரு அலிபிரி

அம்மாடி, நாளைக்குக் காலையில நான் ஊருக்குக் கிளம்புறேன். அதுக்கு முன்னாடி நாலு வார்த்தை சொல்லிட்டுப் போறேன், கோவிச்சுக்காம கேளு. கோவிச்சுகினு கேட்டாலும் பரவாயில்ல, அடுப்பை மட்டும் கொஞ்சம் சிறுசா வச்சுடு. அந்தத் தேங்கா மாவு அடை கருகுற வாசனை வருது.

பத்து நாளைக்கு முன்னாடி நான் வந்த அழகை நெனச்சுப் பாரு. நகரியில பஸ் ஏறி, புத்தூர்ல ஒரு டீ குடிச்சு, வடமாலப்பேட்டை தாண்டி, திருப்பதி பஸ் ஸ்டாண்டுல இறங்கி, மூட்டையைத் தோள்ல போட்டுகினு உன் மாடிப்படி ஏறுறதுக்குள்ள என் முட்டி ரெண்டும் கோவிந்தா கோவிந்தான்னு கூவிச்சு. நீ தண்ணி குடுக்கறதுக்கு முன்னாடி மூட்டையைப் பிரிச்சே. திருமலை அடிவாரம் அலிபிரியில காரை நிறுத்திப் பீடி இருக்குதா, பாட்டில் இருக்குதா, கறி இருக்குதான்னு தோண்டுவாங்களே, அதே கண்ணு, அதே கை. ராகி மாவு, வெளியே வை. சாமை, வெளியே வை. கொள்ளு? "அதுல லெக்டின் இருக்குது தாத்தா", அதுவும் வெளியே. சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கும் புளிக்கும் மட்டும் மலையேற அனுமதி கிடைச்சுது. 78 வயசு ஆச்சு எனக்கு. சாராயத்தை வாசல்ல நிறுத்திப் பாத்திருக்கேன், சம்பந்தியை நிறுத்திப் பாத்திருக்கேன். ராகியை நிறுத்தினது உன் வீட்லதான்.

"இந்த வீட்ல இனிமே தானியம் இல்ல தாத்தா. எல்லாருக்கும் வயிறு கெட்டுப் போச்சு. குடலை ஆத்தணும்"ன்னே. ஆத்தறதுன்னா எனக்கு டீக்கடை ஆத்தல்தான் தெரியும். சரி, படிச்ச பொண்ணு சொல்றாளேன்னு பேசாம உக்காந்தேன். அப்புறம் அலமாரியைத் திறந்தே. பாதாம் மாவு, தேங்கா மாவு, மரவள்ளி மாவு, எலும்புச் சாறு பொடி. ஒவ்வொண்ணும் ஒரு டப்பாவுல, டப்பா மேல சிரிக்கிற வெள்ளைக்காரக் குடும்பம். அந்தப் பாதாம் டப்பா விலையைக் கேட்டதும் எனக்குக் கணக்கு ஓடிச்சு. அந்தக் காசுக்கு நம்ம வீடு முழுக்க ஒரு மாசத்துக்குக் களி கிண்டலாம். மிச்சத்துல ஒரு நாட்டுக்கோழியும் வாங்கலாம். எலும்புச் சாறுக்கு டப்பா எதுக்கும்மா? ஆட்டுக்காலை வாட்டி, தட்டி, மிளகு போட்டு ராத்திரி பூரா சின்ன நெருப்புல வச்சா அதான் எலும்புச் சாறு. எங்க ஊர்ல பிள்ளை பெத்தவளுக்கும் காய்ச்சல்ல எழுந்தவனுக்கும் அதைத்தான் குடுப்போம்.

உன்னைக் குத்தம் சொல்லலைம்மா. நீ பொறந்த ஊரு அப்படி. நம்ம ஆந்திராவுல மழைக்குப் பஞ்சம் வந்தாலும் வரும், சாப்பாட்டு குருவுக்குப் பஞ்சம் வராது. மந்தெனா சத்தியநாராயண ராஜு உப்பை விடு, எண்ணெயை விடுன்னார். உங்க மாமியார் கொஞ்ச நாள் அதைப் பிடிச்சுகினா. உப்பில்லாத குழம்பைச் சாப்பிட்டு உங்க மாமனார் முகம் எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியும். அப்புறம் விஜயவாடா பக்கத்துலேருந்தே வீரமாச்சனேனி ராமகிருஷ்ணா வந்தார். தானியத்தை விடு, ஒரு நாளைக்கு 70 கிராமுக்குக் குறையாம தேங்காயெண்ணெய், 3 எலுமிச்சம்பழம், 4 லிட்டர் தண்ணின்னார். ஒருத்தர் எண்ணெயே வேணாம்ங்கிறார், இன்னொருத்தர் எண்ணெயைக் குடிங்கிறார், ரெண்டு பேரும் கடை விரிச்சது கிருஷ்ணா நதிக்கரையிலதான். நதி யாரைக் கேக்கும்? மூணாவது, கடப்பா மாவட்டம் புரொத்துட்டூர்ல பொறந்த காதர் வலி. 2023-ல பத்மஸ்ரீ வாங்கினவர். சாமை, தினை, வரகு, குதிரைவாலி, குலசாமை, இந்த அஞ்சும்தான் நோய் தீர்க்கிற சிரிதானியம்னார். அவர்மேல எனக்கு மரியாதை உண்டு, அம்பலிக் கூழைத் திரும்பவும் சபைக்குக் கொண்டு வந்த மனுஷன். ஆனா ஒரு வருத்தம். ராகியை அந்த அஞ்சு பேர் பந்தியில உக்கார வைக்கல. நடுநிலைத் தானியம்னு பின்வரிசைக்குத் தள்ளிட்டார். நம்ம சீமையில பாதிப் பேரை வளத்தெடுத்த தானியத்துக்கு ஆறுதல் பரிசு!

இந்த மூணு குருவுக்கும் சேத்து ஒரே வீட்ல மூணு அடுப்பு எரிஞ்சதை நான் பாத்திருக்கேன். யார் வீடுன்னு சொல்ல மாட்டேன். நீ இப்ப நிக்கிற வீடு இல்ல, அதுக்கு முந்தின வாடகை வீடு.

இப்ப என் கதையைக் கேளு. நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க ஊர் மெட்ராஸ் ராஜ்ஜியத்துல இருந்துச்சு. அப்புறம் ஆந்திரா ஆச்சு. 1960-ல படாஸ்கர்னு ஒருத்தர் சொன்ன கணக்குப்படி திருத்தணி அந்தப் பக்கம் போச்சு, நாங்க இந்தப் பக்கமே நின்னுட்டோம். அது நடந்தது ஏப்ரல் 1-ம் தேதி. யார் யாரை ஏமாத்தினாங்கன்னு இன்னிக்கும் எங்க திண்ணையில தகராறு உண்டு. 2022-ல உங்க திருப்பதியும் தனி மாவட்டமாப் பிரிஞ்சு போச்சு, நான் சித்தூர்க்காரனாவே இருக்கேன். கோடு எத்தனை தடவை மாறினாலும் சட்டியில இருந்தது மட்டும் மாறல. காலையில ராகிக் கூழ், வெங்காயம். ராத்திரி களி, நீங்க தெலுங்குல சங்கட்டிங்கிறது. தொட்டுக்க நிலக்கடலையும் மிளகாயும் உரல்ல இடிச்ச ஊருபிண்டி, இல்லைன்னா புளிச்சக்கீரைக் கடைசல். நெல்லுச் சோறு பண்டிகைக்கும் மாமியார் வீட்டுக்கும்தான். சோறு திங்கணும்கிறதுக்காகவே சீக்கிரம் கல்யாணம் பண்ணிகினவன் எங்க ஊர்ல ரெண்டு பேர். ஒருத்தன் நான்.

1983-ல என்.டி.ராமாராவ் முதலமைச்சரா வந்தார். கிலோ 2 ரூபாய்க்கு அரிசி. பசியிருந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம்னு உனக்குத் தெரியாது, அதைக் குறை சொன்னா என் நாக்கு அழுகிப் போவும். ஆனா ஒண்ணு நடந்துச்சு. கடையில வெள்ளைச் சோறு வந்ததும் காட்டுல ராகிக்கு மதிப்புப் போச்சு. மானாவாரி நிலமெல்லாம் நிலக்கடலை ஏறிச்சு. களி கிண்டற துடுப்பை எடுத்து அடுப்புல வச்சு எரிச்சா உங்க கொள்ளுப்பாட்டி, இனிமே நாமளும் மனுஷங்கன்னு சொல்லிகினு. அதுக்கப்புறம் பஸ் ஸ்டாண்டு பரோட்டா, பாக்கெட்டு நூடுல்ஸ், சாயங்காலம் கிரீம் பிஸ்கட்டு. இப்ப உன் பாதாம் மாவு. ராகி யுகம், அரிசி யுகம், மைதா யுகம், பாதாம் யுகம், நாலையும் ஒரே வயித்துல பாத்துட்டேன். இதுக்கு நடுவுல ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய வருஷம்னு சொல்லிச்சு. அதே வருஷம் நம்ம கவர்மெண்டுப் பள்ளிக்கூடத்துல வாரத்துக்கு 3 நாள் ராகி ஜாவா ஊத்த ஆரம்பிச்சாங்க. அங்க கவர்மெண்டு பிள்ளைங்களுக்கு ராகியைத் தேடிக் குடுக்குது, இங்க நீ ராகியை வாசல்ல நிக்க வச்சுட்டே.

தானியம் இல்லாத சமையல் புதுசுன்னு நெனைக்காதே. எங்க முப்பாட்டன் காலத்துல தாது வருஷப் பஞ்சம் வந்துச்சு, 1876-லேருந்து 78 வரைக்கும். கத்தாழைக் கிழங்கையும் ஈச்சங்குருத்தையும் தோண்டித் தின்னாங்க. சர் ரிச்சர்டு டெம்பிள்னு ஒரு துரை, நிவாரண வேலைக்குப் போற ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும்னு கூலியைக் குறைச்சார். இது பத்தாதுன்னு கார்னிஷ்னு மெட்ராஸ் டாக்டர் ஒருத்தர் சண்டை போட்டார். எங்க முப்பாட்டன் முழுசா ஒரு வருஷம் தானியத்தை விட்டிருந்தாராம். யாரும் அவரைப் பாத்து உன் குடல் எப்படி ஆறியிருக்குதுன்னு கேக்கல.

சரி, கிண்டல் போதும். நல்லதையும் சொல்றேன், இல்லைன்னா உன் பொண்ணு, பெரியவ, என்னைக் கடிச்சுடுவா. நீ ஆபீஸ் போனப்புறம் உன் புஸ்தகத்தை அவதான் எனக்குப் படிச்சுச் சொன்னா. எலெயின் காட்ஷால்னு அமெரிக்காவுல ஒரு அம்மா. எட்டு வயசுப் பொண்ணுக்குப் பெருங்குடல் பூரா புண்ணு. சிட்னி ஹாஸ்னு ஒரு கிழட்டு டாக்டர் தானியத்தை விடு, சர்க்கரையை விடுன்னார். பொண்ணு தேறிச்சு. அந்தம்மா நாப்பது வயசு தாண்டினப்புறம் காலேஜுல சேந்து, இது எப்படி நடந்துச்சுன்னு படிச்சு, 1987-ல புஸ்தகம் எழுதினா. அவளுக்கு நான் கையெடுத்துக் கும்பிடு போடுவேன். பிள்ளைக்காகப் பள்ளிக்கூடம் போன தாய் அவ. ஆனா கவனிச்சியா, அந்தம்மா சொன்ன வைத்தியத்துல பெரிய மருந்து இன்னா? வீட்லயே 24 மணி நேரம் உறைய வச்ச தயிர். டப்பா இல்ல, தயிர்! அந்தப் பக்கத்தை நீ வேகமாப் புரட்டியிருப்பே போல. உன் வீட்டு ஃபிரிட்ஜுல தயிர் கடைப் பாக்கெட்டு, அதுவும் வாழைப்பழ வாசனை அடிக்குது.

தயிர்னு சொன்னதும் நம்ம மலை ஞாபகம் வந்துச்சு. உலகம் பூரா திருப்பதின்னா லட்டும்பாங்க. பெருமாளுக்கு லட்டு, வடை, பொங்கல் எல்லாம் படைக்கிறாங்க, ஆனா குலசேகரப்படியைத் தாண்டி உள்ள அவர்கிட்ட போறது ஒண்ணே ஒண்ணுதான். பாதி உடைஞ்ச புது மண்சட்டியில தயிர்சாதம். இத்தனை கோடி உண்டியல் வருமானம் இருக்கிறவர் வருஷம் பூரா பழகிகினது அதுதான். அவருக்குக் குடல் கோளாறுன்னு எந்தப் புராணத்துலயும் இல்ல.

இதைச் சொன்னா நீ டாக்டர் பேச்சை எடுப்பே. டாக்டரைத்தான் நானும் பாத்தேனே! போன செவ்வாக்கிழமை நாம எல்லாரும் போனோமே, அந்தப் பொண்ணு டாக்டர் சொன்னதைப் பாதிதான் கேட்டே நீ, பாதி உன் செல்லு அடிச்சுது. நான் முழுசாக் கேட்டேன். ஹாலந்து தேசத்துல டிக்கேன்னு ஒரு குழந்தை டாக்டர் இருந்தாராம். அவர்கிட்ட வயிறு ஊதி, கை கால் குச்சியான பிள்ளைங்க. 1944-45 குளிர்காலத்துல யுத்தத்தால ஊர்ல ரொட்டி இல்லாமப் போச்சு, ஜனங்க துலிப் பூக்கிழங்கைத் தின்னாங்க. ஊரே வாடிச்சு, அந்தப் பிள்ளைங்க மட்டும் தேறிச்சு. யுத்தம் முடிஞ்சு ரொட்டி வந்ததும் திரும்பப் படுத்துச்சு. கோதுமைமேல அவருக்கு முன்னயே இருந்த சந்தேகம் கெட்டிப்பட்டுது, 1950-ல எழுதி வச்சார். நம்ம தாது வருஷத்துல வெறும் சாவு மிஞ்சிச்சு, அவங்க பஞ்சத்துல ஒரு வைத்தியமும் மிஞ்சிச்சு.

அந்தப் பிள்ளைங்களுக்கு இருந்த நோய்க்குக் கோதுமை, பார்லி, ரை மூணும்தான் எமன். அரிசிக்கும் ராகிக்கும் சாமைக்கும் அந்தக் கேசுல சம்பந்தமே இல்ல. நீ வாசல்ல நிக்க வச்ச மூட்டையைப் பத்தித்தான் பேசிகினு இருக்கேன், புரியுதா? இன்னொண்ணு, அது இருக்குதான்னு ரத்தத்துல பாக்கணும்னா பாக்கறப்ப நீ கோதுமை சாப்பிட்டுகினு இருக்கணும். முன்னாடியே விட்டுட்டா ரத்தம் பொய் சொல்லும். நீ நாலு மாசம் முன்னாடியே விட்டுட்டு இப்ப டெஸ்டுக்குப் போறே! திருடன் ஊரை விட்டுப் போனப்புறம் போலீசைக் கூப்பிட்ட கதை. சில வாரம் கோதுமை சாப்பிட்டுட்டு வாங்கன்னா, நீ மூஞ்சியைத் திருப்பிகினே. சப்பாத்தியை விட்டதுலேருந்து உன் வயிறு லேசா இருக்குதுன்னு சொல்றே. நம்புறேன்ம்மா. உன் வயிறு உனக்குத்தான் தெரியும். சப்பாத்தி இல்லாததால எங்க வம்சத்துல யாரும் செத்ததில்ல. ஆனா உனக்குச் சேராததை ஊருக்கே தடை பண்ணா, அதுக்குப் பேரு வைத்தியம் இல்ல, ஊரடங்கு.

சின்னவன் வயித்து வலிதான் வேடிக்கை. ஆறு வயசுப் பிள்ளைக்கு மூணு மாசம் பால் இல்ல, இட்லி இல்ல, மோந்து பாக்கக்கூட ஒரு பிஸ்கட்டு இல்ல. டாக்டர் இன்னா சொன்னாங்க? பூச்சி! ஒரே ஒரு அல்பெண்டசோல் மாத்திரை. வருஷா வருஷம் பிப்ரவரியில பள்ளிக்கூடத்துலயே சும்மாக் குடுக்கிற மாத்திரை. அன்னிக்குப் பையன் லீவு. பாட்டி வீட்டுக்குப் போயிருந்தான், பிறந்தநாள் கேக்கு வெட்ட.

அப்புறம் உன் வீட்டுக்காரன். என் பேரன்தான், இருந்தாலும் சொல்றேன். பகல்ல உன் முன்னாடி தேங்காயெண்ணெயும் கீரையும். ராத்திரி பதினோரு மணிக்குச் செல்லுல தட்டிப் பிரியாணி வரவழைச்சு, மொட்டை மாடியில நின்னு தின்னுட்டு, பெட்டியைப் பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டியில போடுறான். எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதே. ஒரு நாள் எனக்கும் ஒரு லெக் பீஸ் குடுத்தான். ராத்திரி அதைத் தின்னுட்டு உடனே படுத்தா, நெஞ்சு எரியாம தாலாட்டா பாடும்? அவனுக்குத் தானியத் தடை வேணாம், கேட்டுக்குப் பூட்டு போதும்.

எலும்பு முறிஞ்சா நமக்குக் கவலையில்ல, புத்தூர்ல மூங்கில் தப்பை வச்சுக் கட்டி அனுப்பிடுவாங்க. குடலுக்குத் தப்பை கட்ட முடியாது, அதான் ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. 1960-கள்ல வேலூரைச் சுத்தி ஊர் ஊரா ஒரு வயித்துப்போக்கு வந்துச்சு, ஸ்ப்ரூன்னு பேரு. நாள் கணக்குல நிக்காது, நல்ல உழைப்பாளி ஆளே தோலும் எலும்புமா ஆயிடுவான். வேலூர் சி.எம்.சி.யிலேருந்து பேக்கர்னு ஒரு வெள்ளைக்கார டாக்டரும், மாத்தன்னு நம்ம டாக்டரும் கிராமம் கிராமமாப் போய்ப் பாத்தாங்க. ஃபோலிக் ஆசிடும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் குடுத்துப் பல பேரைத் தேத்தினாங்க. ஆனா இதைத் தின்னதால வந்துச்சுன்னு எந்தச் சாப்பாட்டையும் கையைக் காட்ட முடியல, காரணம் இன்னி வரைக்கும் முழுசாப் பிடிபடல. அத்தனை படிச்சவங்க, வருஷக்கணக்கா மைக்ராஸ்கோப்பு வச்சுப் பாத்தும் வாயை அடக்கிப் பேசினாங்க. உன் செல்லுல வர்ற பொண்ணு ஒரு நிமிஷத்துல எல்லாக் காரணத்தையும் சொல்லிடுது, அதுவும் டான்ஸ் ஆடிகினே.

நீ தானியம் வேணாம்னே, சரின்னு வச்சுக்கோ. உனக்காகவே சொல்றேன், டப்பா திறக்காம தானியமில்லாத சமையல் எங்கம்மா பத்து நாளைக்குப் பண்ணுவா. நீ ஏகாதசி இருப்பியா? அன்னிக்கு அரிசி கூடாது. பழைய காலத்துல பழம், கிழங்கு, பாலு. வடமொழியில பலம்னா பழம், பழத்தை ஆகாரமா எடுத்துக்கிறது பலகாரம். நாம எவ்வளவு கெட்டிக்காரங்க பாரு, அந்தப் பலகாரத்துக்குள்ள உப்புமா புகுந்துச்சு, அடை புகுந்துச்சு, அதிரசமும் முறுக்கும் ஏறி உக்காந்துச்சு. இப்ப பலகாரத்துல இல்லாத ஒரே பொருள் பழம்தான். மறுநாள் துவாதசிக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். பட்டினி கெடந்த வயித்தை எழுப்பறதுக்கு அதைவிடப் பதமான சாப்பாடு எனக்குத் தெரியல.

வாழைத்தண்டு வாங்கு. வட்ட வட்டமா நறுக்குறப்ப நடுவுல நூல் நூலா வரும், அதை விரல்ல சுத்திகினே போவணும், இல்லைன்னா அந்த நூல் பல்லுல மாட்டிகினு உன் ஆபீஸ் மீட்டிங் வரைக்கும் வரும். நறுக்கினதை மோர்த்தண்ணியில போடு, கறுக்காது. கருணைக்கிழங்கைப் புளித்தண்ணியில வேக வை, நாக்கு அரிக்காது. சுண்டைக்காயை மோர்ல ஊறவச்சு வெயில்ல காய வச்சா வருஷம் பூரா வரும். சர்க்கரைவள்ளியைச் சுட்டுக் குடு, சின்னவன் பிஸ்கட்டைக் கேக்க மாட்டான். கத்திரிக்காயை நெருப்புல சுட்டு, பூண்டு, பச்சைமிளகா தட்டிப் போட்டுப் பிசை. எல்லாம் இங்கயே மார்க்கெட்டுல கிடைக்கும், எதுக்கும் வெள்ளைக்காரன் சிரிக்க வேணாம். ஆனா மெதுவா. இன்னிக்கு வாழைத்தண்டு, நாளைக்குக் கீரை, மறுநாள் பயறு. எல்லாத்தையும் ஒரே நாள்ல இறக்கினே, வயித்துக்குள்ள திருப்பதி கங்கம்மா ஜாத்திரைதான். வேஷம் கட்டி வசவும் பாடுவாங்க.

கொள்ளு விஷயத்துல உன்கிட்ட எனக்குச் சமாதானம் இல்ல. லெக்டின் இருக்குது, நிஜம்தான். ராத்திரி ஊறவச்சு, தண்ணியை மாத்தி, குழையக் குழையக் கொதிக்க வச்சா அது செத்துப் போவுதுன்னு அந்த டாக்டரே சொன்னாங்க. நீ அப்பவும் செல்லு பாத்துகினு இருந்தே. கொள்ளைப் பச்சையா தின்ன குதிரை ஒண்ணும் வயித்து வலின்னு யார்கிட்டயும் போகல. அதை விடு.

ராகிக்கு வர்றேன். 100 கிராம் ராகியில 300 மில்லிகிராமுக்கு மேல சுண்ணாம்புச் சத்து இருக்குது, அரிசியில அதுல பத்துல ஒரு பங்குகூடக் கிடையாது. மாவைக் கரைச்சு ராத்திரி புளிக்க வச்சு, காலையில நொய்யைப் போட்டுக் காய்ச்சி, ஆறவிட்டு, மோர் ஊத்தி, சின்ன வெங்காயம் கடிச்சுகினா, அதான் ஆடி மாசம் அம்மன் கோவில்ல ஊத்துற கூழு. பழைய சோறும் அப்படித்தான். ஆறி ஊறின சோத்துல கொஞ்சம் மாவு செரிக்காமப் பெருங்குடல் வரைக்கும் போய், அங்க குடியிருக்கிற நல்ல கிருமிங்களுக்குத் தீனியா ஆவுதாம். உள்ள கோடிக்கணக்குல குடித்தனம் இருக்குதாம்மா! அவங்களுக்குச் சோறு போடாம, நீ வீட்டுக்காரி மட்டும் பாதாம் தின்னா, அவங்க வாடகையா குடுப்பாங்க?

எண்ணெயை விடணுமா, தானியத்தை விடணுமான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சது ஒண்ணுதான். இந்தப் பத்து நாள்ல இந்த வீட்ல நாலு பேரும் ஒண்ணா உக்காந்து மென்னு தின்னதை நான் ஒரு வேளைகூடப் பாக்கல. நீ நின்னுகினே, அவன் மாடியில, பெரியவ டிவி முன்னாடி, சின்னவன் ஓடிகினே. உங்க கொள்ளுப்பாட்டி களியை உருட்டி இலையில போட்டா, கடைசி ஆள் உக்கார்ற வரைக்கும் முதல் ஆள் கை வைக்க முடியாது. அது பாசம் இல்ல, களி கொதிக்கும்.

நேத்து நீ எனக்குத் தெரியாம ராகி மூட்டையை உள்ள எடுத்து வச்சதைப் பாத்தேன். பாக்காத மாதிரி இருந்துட்டேன். துடுப்பு வேணும்னா அடுத்த தடவை ஊர்லேருந்து கொண்டு வர்றேன், புளியமரத்துல செதுக்கினது.

அப்புறம், போன வெள்ளிக்கிழமை மலையிலேருந்து கொண்டு வந்த லட்டு. எனக்குச் சக்கரை இருக்குதுன்னு நீ பூஜை அலமாரியில உயரமா வச்சிருந்தே. நேத்து ராத்திரி அங்க ரெண்டு இருந்துச்சு, இப்ப ஒண்ணுதான் இருக்கும். எலியை ஏசாதே. கடலை மாவு, நெய், சர்க்கரை, முந்திரி, திராட்சை, கல்கண்டு, ஏலக்காய், மொத்தம் 175 கிராம். கேட்டுக்கோ தாயே, அதுல ஒரு பொட்டுத் தானியம் இல்ல.